நடுவில் ஒட்டிய கருப்பு வட்டம்

என்னை யாராவது அட்டெண்டர் என்று கூப்பிட்டால் எனக்கு எரிச்சல் வரும். கல்லூரிப் பதிவேட்டில் ஆய்வக உதவியாளர் என்றுதான் போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் பதினேழு வருடம், நல்லூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் எக்ஸ்போசிங் ரூம் என் பொறுப்பில் இருந்தது. தெற்கே இருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் பஸ் ஏறி வந்தவன், அந்த இருட்டறைக்குள் நின்று ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டேன். என் ஸ்கிரீனில் அச்சான சட்டைகளை எந்தெந்த நாட்டில் யார் யார் போட்டுக் கிழித்தார்களோ தெரியாது. ஒரு ஸ்கிரீன்கூட என் கையில் கெட்டதில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை. அதில் பசை மாதிரி ஒரு கெமிக்கலைப் பூசிக் காயவைப்போம். வெளிச்சம் பட்டால் அது இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஆகவே, சாயம் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே கருப்பு வருகிற மாதிரி ஃபிலிமை வைத்து லைட்டைப் போடுவோம். பிறகு கழுவினால் டிசைன் தெளிந்து வரும். திறக்க வேண்டிய இடத்தில் கருப்பு. இதை நான் யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்யும்.

கெமிக்கல் தண்ணீரிலேயே கிடந்து கைத்தோல் வெடித்து, இனி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கல்லூரிக்கு வந்தேன். அங்கேயும் என்னைக் கொண்டுபோய் ஓர் இருட்டறையில்தான் விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அறையில் வேலை செய்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தீக்காயம் பட்டவர்களின் தோலில் ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள செல்களை வளர்த்து, அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி. செல்களை, சின்ன வட்டத் தட்டில் ஊற்றிய ஒரு ஜெல்லுக்குள் வைத்து வளர்ப்பார். ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சிப் பதம், ஆனால் அதைவிடத் தெளிவு. அதன்மேல் நீல வெளிச்சம் பட்டால், பட்ட இடம் மட்டும் இளகித் தண்ணீராகிவிடும். உள்ளே இருக்கிற செல் கத்தி படாமல், சுரண்டாமல் உயிரோடு வெளியே வந்துவிடும்.

"இதத்தான மேடம் நான் பதினேழு வருசமாச் செஞ்சேன்" என்றேன் முதல் நாளே.

"அதுல உசுரு இல்லீங்களேண்ணா" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

நான் வந்து ஒரு வருடம் ஆனபோது அவரிடம் கடைசித் தட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மருத்துவமனை கொடுத்த தோல் தீர்ந்துவிட்டது. அவருக்குக் கொடுத்த கெடுவும் அந்த மாதத்தோடு முடிகிறது. தட்டின் நடுவே நன்றாக வளர்கிற செல்கள் ஒரு கூட்டமாக இருந்தன, சுற்றிலும் நோஞ்சான்கள். நடுவில் இருப்பதை மட்டும் கலப்பில்லாமல் எடுத்துக் காட்டினால் பட்டம். இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பு வீண். முந்தைய தட்டுகளில் எல்லாம் நடுவை இளக்கி எடுக்கும்போது ஓரத்துச் செல்களும் சேர்ந்து வந்துவிட்டன. ஓரத்தில் வெளிச்சம் படாமல் மறைக்கத் தட்டின் அடியில் ஒட்டுகிற ஃபிலிமை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்ததால் ஓரம் சுத்தமாக இல்லை என்பது என் கணிப்பு.

"ஃபிலிம என்கிட்ட விடுங்க மேடம். சோறு போட்ட வேலை. முடி அளவு பிசகாம ஒட்டித் தாரேன்" என்று வாய்ச்சவடால் விட்டேன். அவர் நம்பினார்.

கருப்பு ஃபிலிமில் பிளேடு வைத்து ஒரு வட்டம் வெட்டினேன். வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும்: ஓட்டை விழுந்த தாள் ஒன்று, வட்டம் ஒன்று. தட்டின் அடியில் அவர் பேனாவால் போட்டு வைத்திருந்த குறியைப் பார்த்து, சிவப்பு விளக்கில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். மிச்சத்தைக் குப்பைக் கூடையில் போட்டேன். தட்டைத் தூக்கி விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். அந்த மங்கல் சிவப்பு வெளிச்சத்தில் மேலே இருந்து பார்த்தால் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவர் நீல விளக்கைப் போட்டார்.

நேரம் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏனுங்ணா... சுத்தியும் இளகிப் போச்சுங்க. நடுவுல மட்டும் அப்படியே நிக்குதுங்க."

தட்டைத் தூக்கி அடியில் பார்த்தேன். நடுவில் கருப்பு வட்டம். வெளிச்சம் போக வேண்டிய ஓட்டைத் தாள் குப்பைக் கூடையில் கிடந்தது. திறக்க வேண்டிய இடத்தில் கருப்பை வைத்துவிட்டது என் கை. அத்தனை வருடம் ஒரு ஸ்கிரீன்கூடக் கெடுக்காதவன், ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

"நான்தான் மேடம். துண்ட மாத்தி ஒட்டிட்டேன்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீணான தட்டில் ஊற்றுகிற பிளீச் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்குப் பழைய புத்தி வந்தது. எக்ஸ்போஸ் பண்ணின ஸ்கிரீனைக் கழுவிப் பார்க்காமல் எவனாவது தூக்கிப் போடுவானா?

"ஊத்திராதீங்க மேடம்! நல்லது நடுவுலதான இருக்கு? அது எங்கயும் போகலயே. கழுவுங்க. வேண்டாதது ஓடிரட்டும்."

பாட்டிலோடு என்னையே பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

செல்களுக்கு ஊற்றுகிற சத்துநீரைப் பதமான சூட்டில் எடுத்தார். "ஓரத்துல இருந்து விடுங்க. நேரா நடுவுல அடிச்சா பிஞ்சிரும்" என்றேன். ஸ்கிரீன் கழுவுகிற முறையும் அதுதான். ஒரு தரம் ஊற்றி உறிஞ்சி எடுத்தார். இன்னொரு தரம். மூன்றாம் தரம் முடிந்தபோது தட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஜெல் துண்டுதான் நின்றது. வெட்டி வைத்தாற்போல ஓரம். சுற்றிலும் ஒரு செல்கூட இல்லை. ஃபிலிமை உரித்துவிட்டு மறுபடி விளக்கைப் போட்டார். பொத்தானும் இளகியது. வந்ததை உறிஞ்சிப் புதுத் தட்டுக்கு மாற்றினார்.

மறுநாள் காலை எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். "வந்து பாருங்ணா" என்று மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்துகொண்டார். செல்கள் எல்லாம் தட்டின் தரையைப் பிடித்துக் கைகால் நீட்டிப் படுத்திருந்தன. ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஒரு நோஞ்சானைக்கூடக் காணோம். என் ஸ்கிரீன்கள் எதையும் நான் அப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து அவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. நான் பின்வரிசைக்கு டீ கொண்டுபோயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "எல்லாரும் வேண்டியதை இளக்கி எடுப்பார்கள். நீங்கள் வேண்டாததை இளக்கியிருக்கிறீர்கள். இந்த யோசனை எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"என்ர யோசனை இல்லீங்க சார். அதா, டீ வெச்சிட்டிருக்காருங்களே, அந்த அண்ணனோடதுங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. கையில் டீத் தட்டு. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். திட்டம் போட்டுத்தான் ஒட்டினேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் தொழில் தெரிந்தவன் அப்படி நழுவ மாட்டான். தட்டை நாற்காலி மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"ஒட்டுனது என் தப்பு சார்" என்றேன். "கழுவச் சொன்னது தப்பில்ல."