சின்னமுத்துவுக்கு நாங்கள் போட்ட புள்ளிகள்

ஞானேஸ்வரி உளவியல் படிக்க வந்தது ஆசைப்பட்டு அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் மூன்று பாடம் எடுக்க வேண்டும். தமிழும் புவியியலும் எடுத்த பிறகு நேர அட்டவணையில் இடித்துக்கொள்ளாமல் மிஞ்சியது பொது உளவியல் ஒன்றுதான். எனக்கும் அதே கதை. நான் ரபீகா, கட்டுகஸ்தோட்டைப் புடைவைக் கடைக்காரரின் மகள். அவள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து வந்தவள். நான் பரீட்சைக்குப் படித்தேன். அவளுக்கோ அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. விடுதிச் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்து, "நீ ஏன் எப்பவும் கடைசியா நிக்கிற தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள், முடிக்கும்போது என் வாப்பாவின் குணம் வரை போயிருப்பாள். 'டொக்டரம்மா' என்று கூப்பிட்டு நாங்கள் வெறுப்பேற்றுவோம். கோபமே வராது.

அவளுக்குப் பத்து வயதில் தாய் இறந்துபோனாள். அப்பா சின்னமுத்துதான் தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து வளர்த்தார். அவளுக்குப் பதினாறு வயதானபோது தேயிலைக் கொழுந்தெடுக்கப் பெயர் பதியச் சொல்லி ஆள் வந்தபோது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். கெம்பஸுக்குத் தெரிவானதும் தோட்டம் முழுக்க நடந்து போய்ச் சொன்னாராம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, நாங்கள் இரண்டாம் வருடம். அப்போதுதான் அவர் தடுமாறத் தொடங்கினார். அடுப்பில் வைத்த கேத்தலை மறந்தார். ஒருநாள் லயத்துக்குத் திரும்பும் வழி தெரியாமல் ஸ்டோரடியில், தேயிலைத் தொழிற்சாலை வாசலில், நின்றாராம். ஞானேஸ்வரி பயந்துபோனாள். அப்பாவுக்கு ஏதும் நோய் என்றால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே எடுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து விரிவுரையாளர், முதியவர் ஒருவரின் ஞாபகத்தைச் சோதித்து அறிக்கை தரச் சொன்னார். அப்பாவையே சோதிப்போம், விஷயமும் தெரிந்துவிடும் என்றாள். ஆங்கிலப் புத்தகத்திலிருந்த கேள்விகளைத் தமிழாக்கியது நான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் போனோம். முறையாகச் செய்ய வேண்டுமென்று ஞானேஸ்வரி சேலை கட்டியிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அவரை உட்கார்த்தி, இந்தப் பக்கம் கேள்வித் தாள்களை விரித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். சோதிப்பவர் உறவு கொண்டாடக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது.

"அப்பா, இப்ப என்னைய மகளா நெனைக்காதீங்க. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

சின்னமுத்து கதிரையை விட்டு எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

"பேரு?"

"சின்னமுத்துங்க. தகப்பன் பேரு பெரியண்ணன்."

"எங்க பொறந்தீங்க?"

"இதே தோட்டம், மேக்கணக்கு, ஆறாம் நம்பர் லயம். வேற எங்கயும் போயி இருந்ததில்லீங்க."

"இது எந்த நாடு?"

"இலங்கைங்க. இந்தியாவுல எங்களுக்கு ஒருத்தரும் இல்லீங்க."

இந்தியாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பதில்கள் தடங்கலில்லாமல் மளமளவென்று வந்தன. அன்றைய தேதியை மட்டும் சொல்லத் தெரியவில்லை. பென்சன் எடுத்த மனுசனுக்குத் தேதி எதற்கு என்று அதற்கும் முழுப் புள்ளி போட்டேன்.

"நல்லாத்தானே ஈக்கிறாரு," என்றேன் பஸ்ஸில். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான். அறிக்கைக்கு ஏ கிடைத்தது. அவள் விடுதியிலேயே தங்கிப் பரீட்சைக்குப் படித்தாள்.

ஒரு மாதம் கழித்து, லயத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட அவளுடைய அண்ணன் மனைவி ராக்கம்மா விடுதி வாசலில் வந்து நின்றாள்.

"மாமா பெட்டியக் கட்டி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. விசாரணைக்கு நோனாமாரு வந்துட்டுப் போனாங்க, இன்னும் முடிவு வரலங்கிறாரு."

ஞானேஸ்வரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் விளங்கவில்லை. அந்த நோனாமார், விசாரிக்க வந்த உத்தியோக அம்மாமார், நாங்கள்தான் என்று பிறகு அவளே சொன்னாள். ஐம்பத்தாறில், தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டவர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்த பிரஜாவுரிமை விசாரணைக்கு, அப்பாவையும் அவர் தம்பியையும் கண்டிக்குக் கூப்பிட்டார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத சின்னமுத்து, கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதிலை மாதக்கணக்காக மனப்பாடம் செய்துகொண்டு போனார். ஒன்றும் பிசகாமல் சொன்னார், உரிமை கிடைத்தது. தம்பி ஒரு வருடத்தை மாற்றிச் சொன்னார். மனு தள்ளுபடியாகி, பின்னாளில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். அதன் பிறகு தாளும் பேனாவுமாக வரும் எவருக்கும் சின்னமுத்து அதே பதில்களைத்தான் எழுந்து நின்று ஒப்பிப்பார். சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடமும் அதே பாட்டுத்தான். வீட்டில் அது பெரிய வேடிக்கை. சின்ன வயதிலிருந்து பார்த்துச் சிரித்த அந்த வேடிக்கை, அன்று எதிரிலேயே நடந்தபோது அவளுக்குத் தெரியவில்லை. கண் முன்னால் புத்தகம் இருந்தது.

வைத்தியர் பார்த்துவிட்டு, மறதி நோய் வந்து நாளாகிவிட்டது, உங்கள் கேள்வியால் வந்ததல்ல என்றார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். அவளால் முடியவில்லை. ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

போய் என்ன பயன்? ராக்கம்மாவை அவருக்குத் தெரிந்தது. பக்கத்து லயத்துப் பிள்ளைகளைத் தெரிந்தது. மகள் உள்ளே வந்தால் மட்டும், விசாரணை நோனா என்று எழுந்து நிற்பார். "ஒக்காருங்கப்பா" என்றாலும் உட்காரமாட்டார், கால் நடுங்கும். அவள் ஊட்டினால் வாய் திறக்கமாட்டார். அவர் சாப்பிட வேண்டுமே என்று அவள் வீட்டுப் பின்புறக் கோடியில், மழைச் சாரலில் போய் உட்கார்ந்திருப்பாள். இதைப் பார்த்தபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த ஏ-யைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

அவள் இன்று கம்பளைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உளவளத்துணை ஆசிரியை. பிள்ளைகளோடு பேசும்போது மேசையில் ஒரு துண்டுத் தாள் இருக்க விடமாட்டாள்.

சின்னமுத்துவை நான் கடைசியாகப் பார்த்தது தொண்ணூற்றாறு மார்கழியில். எழுந்து நிற்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். ஞானேஸ்வரியைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கப் பார்த்தார்.

"நோனா, எம் மக கெம்பஸ்ல படிக்குது. என் பேரத் தள்ளுனாலும் பரவால்ல. அது பேர வெட்டிறாதீங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து, அவர் பார்க்கும்படி பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக எழுதினாள்.

"வெட்டலங்கய்யா. ரெண்டு பேர் பேரும் எழுதியாச்சு. நீங்க இங்கயே இருக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. முதல்முறையாக அவளிடமிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எம் மக வந்ததும் சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்கய்யா."

அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மகள் வரக் காணவில்லையே என்று அன்று பொழுதுசாயும் வரை அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.