அப்பா முயல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

போன ஞாயிறு ஒரு முயல் குடும்பத்தால் எங்கள் வீட்டு வளவுக்குள் பெரிய வழக்கு!

செங்கலடிச் சந்தியில் வாங்கிய படப்புத்தகம். ஐந்து வயதுக் கனிக்காக. கனி யார்? என் மனைவியின் தங்கை மகள். பக்கத்து வீடு. தங்கை கட்டாரில் வேலை. இந்த வருடம்தான் போனாள். இப்போது அந்த வீட்டில் கனியும் அவள் அப்பா ஜெகனும் மட்டும்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு வந்து சேருவார். நான் அப்படி வந்தவன். ஜெகனும் சித்தாண்டியிலிருந்து அப்படி வந்தவர்தான்.

அந்த ஜெகன் கொஞ்ச நாளாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

"அவள் இல்லாத வீட்டில நான் என்னெண்டு இரிக்கிற, அண்ணன்? விருந்துக்கு வந்தவன் மாதிரி இரிக்கி. புள்ளையையும் கூட்டிட்டு சித்தாண்டிக்குப் போகப்போறன். அவள் வரட்டும், பிறகு பாப்பம்."

கேட்டதிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. கனி இல்லாத வளவு ஒரு வளவா?

சரி, புத்தகத்துக்கு வருவோம். அம்மா முயல் பூச்செண்டோடு அப்பா முயலின் வீட்டுக்கு வாழப் போகிறது. நானும் குரலை மாற்றி மாற்றி வாசிக்கிறேன்...

"நிப்பாட்டுங்க பெரியப்பா. படம் பிழை."

"என்ன பிழை?"

"அப்பா முயல்தானே வரணும்? அம்மா முயல் ஏன் அவட வீட்டை விட்டுட்டுப் போகுது? சண்டையா?"

குசினிக்குள்ளிருந்து மனைவி வெடித்துச் சிரித்தாள். நான் உலக வழக்கமெல்லாம் எடுத்துச் சொன்னேன். எடுபடுமா? கனி கலர்ப் பென்சிலை எடுத்தாள். அம்மா முயலின் வீட்டு வாசலில் புதிதாக ஒரு முயல் முளைத்தது. கையில் பை. மீசை வேறு!

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஜெகன் எட்டிப் பார்த்தார்.

"இவர் பையோட எங்க புள்ள போறார்?" குரலில் விளையாட்டு இல்லை.

"போகல்ல, வாறார். முகம் வீட்டப் பாத்துத்தானே இரிக்கி?"

"அப்ப அம்மா முயல் எங்க?"

"கட்டார்ல. அவ வரக்குள்ள வாசல் படலை திறக்க ஆள் வேணாமா? அதுக்குத்தான் அப்பா முயல்."

ஜெகன் மூக்கை உறிஞ்சினார். "தடிமன்" என்றார். நம்பினோம் – வேறென்ன செய்வது?

குடும்பத்தைப் பற்றிப் படப்புத்தகம் போடுகிறவர்கள் அன்பைத் தாராளமாகத்தான் வரைகிறார்கள். யார் யாருடைய வீட்டுக்கு வந்தார் என்பதை மட்டும் யாரையும் கேட்காமல் வரைந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் முதலில் தேடுவதோ அதைத்தான் – இந்தப் படத்தில் நாங்கள் இருக்கிறோமா?

மறுநாள் காலை 'டக் டக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், ஜெகன் தன் வீட்டுப் படலைக்குப் புதுக் கீல் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

"சித்தாண்டிப் பயணம் என்ன மாதிரி?" என்றேன்.

"படலை கத்துது, அண்ணன். அவள் வந்து திறக்கக்குள்ள ஊரே முழிச்சிரும்."

அந்தப் புத்தகம் கடையில் கிடைக்கும். திருத்திய பதிப்பு எங்கள் வளவில் மட்டும்!