விசிலுக்குப் படித்த அனுசியா

ஐந்தருவியில் துண்டும் எண்ணெயும் விற்கிற அனுசியாவுக்கு அரசாங்க வேலை மேல் அப்படியொரு வெறி. வயசு வரம்பு தாண்டுவதற்குள் எழுத இந்த ஒரு தேர்வுதான் பாக்கி. இதுவும் போனால் ஆயுசுக்கும் துண்டுதான்.

அவள் புருஷன் இசக்கிமணி அருவிக் காவலுக்கு நிற்கிற கான்ஸ்டபிள். குளித்தவர்களை வெளியே தள்ள அவன் விசில் ஊதுவான். சொட்டச் சொட்ட வருகிற கூட்டம் நேரே அவள் கடையில் விழும். விற்று முடித்து, அடுத்த விசில் வரைக்கும் படிப்பாள். ஒரு கூட்டம் குளித்தால் ஒரு பாடம்.

"இப்படிப் பிச்சுப் பிச்சுப் படிச்சா மண்டையில நிக்குமாட்டி? கடைய அடச்சிட்டு வீட்ல ஒரே இருப்பா உக்காரு," என்றான் இசக்கிமணி. டிரான்ஸ்பர் ஆர்டரைத் தவிர வேறெதையும் முழுசாகப் படிக்காதவன்.

சீசன் வியாபாரத்தை விட்டுவிட்டு மேலகரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் திரைச்சீலையெல்லாம் துவைத்தாயிற்று. அப்புறம் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போனாள். எழுந்ததும் பயத்தில் அழுகை வந்துவிட்டது.

"பொழுது முழுக்கக் கெடக்குன்னா ஒண்ணும் ஓட மாட்டேங்குதுங்க. அருவியில மாதிரி நேரம் பாத்து நீங்க விசில் ஊதுங்க, அதுக்குள்ள ஒரு பாடம் முடிப்பேன்."

"யூனிபார்ம் இல்லாமயா?" என்று முறுக்கிக்கொண்டான். கடைசியில் கைலியோடு வாசலில் நின்று ஊதினான். திருடன் வந்துவிட்டான் என்று தெருவே கூடிவிட்டது.

டூட்டி முடிந்து வந்து தினமும் ஊதினான். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னாள். ஒருநாள் கழுத்து நரம்பு புடைக்க ஊதியும் அவள் தலை தூக்கவில்லை.

"ஏட்டி, உன்னத்தான்."

"இந்தப் பாடம் முடியட்டும். சும்மா கெடங்க."

குடித்துவிட்டு வருகிறவன்கூட அடங்குகிற விசில். இசக்கிமணிக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

தேர்வன்று தென்காசியில் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் காத்து நின்றான். எல்லோரும் போன பிறகு கடைசியாக வந்தாள்.

"என்னட்டி, இவ்வளவு நேரம்?"

"பெல் அடிச்சதே தெரியலங்க. பேப்பர வாங்கும்போதுதான் நிமிந்தேன். ஒண்ணுவிடாம எழுதிட்டேன். இந்தத் தடவ கெடச்சிரும்."

இசக்கிமணி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். குறுக்கே நின்ற ஆட்டோவைப் பார்த்து ஓங்கி ஒரு விசில் ஊதினான். ஆட்டோ நகர்ந்தது. அனுசியா திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.