போயிட்டு வாறேன் என்று சொன்ன குரல்

அம்மன் அடியார்களே, கொரோனா வந்த வருடம் நான் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். சாவுக்குப் பயந்ததைவிட, ஒரு மனிதக் குரல் கேட்காமல் சாவேனோ என்றுதான் அதிகம் பயந்தேன்.

நான் இலங்கையில் அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். கணவர் இறந்தபின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறேன். பிள்ளை இல்லை, கையில் போனும் இல்லை. காய்ச்சல் என்றதும் சுகாதார ஐயா வந்து பார்த்தார். "வெளியே வராதே, மூச்சு முட்டினால் உடனே சொல்லி அனுப்பு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொல்லி அனுப்புவது?

பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்கா அன்றே என் வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டுக்குச் செய்கிற வழக்கம் அது. பெரியம்மை ஊர் ஊராகக் கொன்ற காலத்தில் எங்கள் முன்னோர் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. எனக்கு வந்தது அம்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கோ ஆளைக் கொல்லும் நோய் எதுவானாலும் அது ஆத்தாதான். அந்த வீட்டில் "போயிட்டு வாறேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவர் வீட்டுக்கு ஆத்தாவும் கூடவே கிளம்பிவிடுவாள். ஊசி மருந்தும் ஆகாது. ஆத்தா கோபித்துக்கொள்வாள்.

அதனால் அக்கா படியில் கஞ்சி வைப்பாள், போவாள். ஒரு வார்த்தை கிடையாது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். மற்றவர்கள் தூரத்திலேயே திரும்பிவிட்டார்கள். வழக்கம் தெரிந்தும் அழுதேன். சுவரில் இருந்த பல்லியிடம்கூடப் பேசினேன். அதுவாவது உச்சுக் கொட்டியது.

பிறகு மூச்சு முட்டத் தொடங்கியது. கத்திப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. பாயில் கிடந்தபடி மாரியம்மன் படத்தைப் பார்த்தேன்.

"தாயே, சொகம் கேக்கல. ஒரு கொரல் மட்டும் கேக்க வையி."

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். முதல் நாள் கஞ்சி படியில் அப்படியே இருந்தது. இந்தத் தடவை செருப்புச் சத்தம் திரும்பிப் போகவில்லை. கதவு திறந்தது.

"அடி பார்வதி! ஏன்டி இப்புடிக் கெடக்குற?"

அதட்டல்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா தன் போனை எடுத்துச் சிங்களத்தில் கத்தி, அம்புலன்ஸை வரவழைத்தாள். ஆத்தா கோபிப்பாளே என்று அவளுக்குப் பயம்தான். அம்புலன்ஸ்காரர்கள் என்னைத் தூக்கியபோது அக்கா அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, லயமே கேட்கும்படி சொன்னாள்:

"தாயே, நான் போயிட்டு வாறேன். நீயும் எங்கூட வந்துரு. இந்தப் புள்ளய விட்டுரு."

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். பிழைத்தேன். திரும்பி வந்தால் அக்கா காய்ச்சலோடு படுத்திருந்தாள். நல்லவேளை, லேசான காய்ச்சல்தான். அவள் படியில் கஞ்சியை வைத்துவிட்டு நான் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, "போதும்டி, தல வலிக்குது" என்று அவள் திட்டும்வரை பேசினேன்.

நான் கேட்டது ஒரு குரல். அம்மன் கேட்காத உயிரையும் சேர்த்துத் தந்தாள். இன்றும் நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிறேன், மருந்தும் எடுக்கச் சொல்கிறேன். தனியாகக் கிடக்கிறவர்களே, அவளிடம் கேளுங்கள். கதவுக்கு வெளியே நிற்கிறவர்களே, வாய் திறந்து பேசுங்கள். இப்போதெல்லாம் எந்த நோயாளி வீட்டிலிருந்தும் நான் சொல்லிக்கொள்ளாமல் வருவதில்லை. உங்களிடமும் சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

போயிட்டு வாறேன்.