பந்திங்குக்கு ஒரு சேலை

காலை 9.40. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அறையிலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. பந்திங்கில் என் தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளைப் பார்த்து நான்கு வருடம். மகளின் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், தாய்மாமன் எனக்கு! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த மகள்தான் முந்தின நாள் அழைத்து, "மாமா, அம்மா உங்களத்தான் கேக்குறாங்க, வந்துருங்க" என்றாள்.

பந்திங்குக்கு ரயில் கிடையாது. கிள்ளான் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில், பிறகு கார். வழியெல்லாம் தங்கை பாடும் கதைப்பாட்டுதான் மண்டைக்குள் ஓடியது. எங்கள் எஸ்டேட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். மச்சான் எழுந்து நின்று வரவேற்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு போன அண்ணன், தங்கை சாகக் கிடப்பதறிந்து புறப்படுகிறான். வெறுங்கையோடு போவதா என்று சந்தையில் சேலை பார்க்க நின்றுவிடுகிறான்.

"அக்கரையில் குடை தெரியுது, அண்ணன் வாரான் தங்கச்சி
எறங்கித் தண்ணி தாண்டுமட்டும் கண்ணை மூடாதே தங்கச்சி."

இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். அவன் ஆறு கடக்கும் பகுதியை வீட்டில் பாடக்கூடாது, சாவு வீட்டில்தான் பாடுவார்கள்.

10.55. கிள்ளான். ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். பாட்டு நினைவுக்கு வரவில்லையா என்று கேட்காதீர்கள். வந்தது. அவன் மடையன், நான் சட்டென்று எடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். மாம்பழ மஞ்சளா, கிளிப்பச்சையா என்று ஒரு மணி நேரம் போய்விட்டது. நடுவில் தங்கை மகளின் அழைப்பு. தாமதத்துக்குத் திட்டுவாள் என்று எடுக்கவில்லை. மஞ்சள் சேலை, நூற்றெண்பது ரிங்கிட்.

பந்திங் முப்பத்தைந்து கிலோமீட்டர். வாடகைக் கார் நாற்பத்தெட்டு ரிங்கிட். நான் பாட்டை முணுமுணுத்ததை ஓட்டுநர் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தப் பாட்டா அங்கிள்? எங்கம்மா கேட்டா இன்னும் அழுவாங்க லா. அந்த அண்ணன்காரன் மட்டும் கையில கெடச்சான், நாலு அறை விடுவேன்."

"நானும்தான் தம்பி" என்றேன்.

பகல் 1.15. சந்து முனையில் இறங்கியதுமே ஒரு கிழவியின் குரல் கேட்டது. அண்ணன் ஆற்றில் இறங்கிவிட்டான், இடுப்பளவு தண்ணீர். பாட்டின் அந்தப் பகுதி. ஐயோ, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக்கூடாதா!

வாசலில் ஒரு பெண் என் கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையைப் பார்த்தாள். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலை போர்த்துவது எங்கள் வழக்கம்.

"பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு, வழி விடுங்க" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்.

அந்த மஞ்சளை என் கையாலேயே போர்த்தினேன்.

மறுநாள் திரும்பும் ரயிலில் ஒன்றை யோசித்தேன். ஆயுசு முழுக்க அந்தப் பாட்டுக்கு அழுதிருக்கிறேன், எப்போதும் தங்கைக்காக. அண்ணனைத் திட்டியதோடு சரி. போனைத் திறந்தால் எடுக்காத அழைப்பு சிவப்பாக நின்றது, 11.38. கிளம்பும்போது அதைப் பற்றித் தங்கை மகளிடம் கேட்டிருந்தேன்.

"நான் பேசல மாமா. அம்மாதான் போனக் கேட்டு வாங்கினாங்க" என்றாள்.