காலிதீனின் பாகம்

எங்கள் மாமியின் மகன் காலிதீன் ஆறடி ஐந்து அங்குலம். பாலமுனையில் பள்ளிவாசலைத் தவிர வேறெந்த வாசலிலும் அவன் நிமிர்ந்து நுழைந்ததில்லை. பஸ்ஸில் கழுத்தைச் சரித்துக்கொண்டு நிற்பான். "தம்பி, இடுப்புக்குக் கீழ ஒரு டிக்கட், மேல ஒரு டிக்கட்" என்று கண்டக்டர் கை நீட்டுவார். அவன் சிரிப்பான். சிரித்துச் சிரித்தே பத்தொன்பது வயதுக்கு வந்தவன்.

அவனுடைய உடம்பால் ஊருக்கு இருந்த ஒரே லாபம் கயிறு. எங்கள் பக்கத்தில் கயிற்றை அடிக்கணக்கில் விற்பதில்லை, பாகக் கணக்கு. இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். வாங்குகிறவரின் கைதான் அளவு. 1978 கார்த்திகையில் சூறாவளி வந்து தோணி, வலை, தென்னை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபின் கரை முழுக்கக் கயிறு தேவைப்பட்டது. அக்கரைப்பற்றில் மீராமுகைதீன் காக்காவின் கயிற்றுக் கடைக்குப் போன பாலமுனைக்காரர் எல்லாரும் மறக்காமல் காலிதீனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "நம்மட மருமகன்தான் காக்கா, அவன் அளக்கட்டும்."

மூன்று நாள் பொறுத்துப் பார்த்த காக்கா நாலாம் நாள் வாசலிலேயே மறித்தார்.

"உனக்கு இஞ்ச வேலையில்ல மகன். கயிறு வேணுமெண்டா உன்ட வாப்பாவ அனுப்பு. இந்தக் கைய எடுத்துக்கிட்டு என்ட கடைக்குள்ள வராத."

அதே சூறாவளிதான் அவனைப் பந்துக்கும் கொண்டுவந்து விட்டது. கல்முனையில் ஒரு பாடசாலையின் கூரை வேலைக்குக் கூலிக்குப் போனவன், சரிந்து கிடந்த கூடைப்பந்துக் கம்பத்தை நிமிர்த்தி நட்டு, ஏணி இல்லாமல் ஒரு வாங்குப் பலகையின்மேல் ஏறி நின்று வளையத்தைப் பூட்டினான். விளையாட்டு ஆசிரியர் அப்துல் ஹமீட் மாஸ்டர் வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டி முடிந்ததும் ஒரு பந்தை எறிந்து, "இத அதுக்குள்ள எறி பாப்பம்" என்றார். காலிதீன் வாங்கிலிருந்து இறங்கவில்லை. அலுமாரியில் புத்தகம் வைப்பதுபோலப் பந்தை வளையத்துக்குள் வைத்தான்.

"எறியச் சென்னா வைக்கிறானே" என்று மாஸ்டர் சொன்னாராம். அன்றிலிருந்து அவன் விடியற்காலையில் வாப்பா சீனிமுகம்மதுவின் கரைவலையில். பின்னேரம் பதினொரு மைல் சைக்கிள் மிதித்துக் கல்முனையில்.

ஒரு வருடம் இப்படி ஓடியது. பேராதனையில் பட்டம் வாங்கிக்கொண்டு நான் ஊருக்கு வந்து, நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்த காலம் அது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் இங்கிலீசுக் கடிதம் எல்லாம் என் தலையில்தான் விழும். கொழும்பில் ஒரு கம்பெனி தன் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்து, களஞ்சியத்தில் நிரந்தர வேலையும் கொடுக்கிறது என்று மாஸ்டர் அறிந்து வந்து சொல்ல, நான் எழுதினேன். பதில் வந்தது. அணிக்குப் பொறுப்பான ஜயசேகர என்பவர் தன் ஆட்கள் மூன்று பேருடன் கல்முனைக்கு வந்து ஓர் ஆட்டத்தில் அவனைப் பார்ப்பார்.

சீனிமுகம்மது மாமா வலையைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டார். "எடுக்காட்டி?"

காலிதீன் வலையின் மறு நுனியை இழுத்துப் பிடித்தான்.

"எடுக்காட்டி பந்து சரி. மறுகா அந்தக் கதை கதைக்கப்படா. வலைக்கு நீ முழு ஆளா வரணும். ஒரே ஒரு தரம்தான், விளங்கிச்சா?"

"ஓம் வாப்பா."

1980 பங்குனியில் ஒரு சனிக்கிழமை. பாடசாலை மதிலின் மேல்கூட ஆட்கள். பாலமுனையிலிருந்து ஒரு லொறி நிறைய வந்திருந்தார்கள். அக்கரைப்பற்றிலிருந்து மீராமுகைதீன் காக்காவும் வந்திருந்தார். சரக்கு எடுக்க வந்த வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். சனிக்கிழமை பின்னேரம் எந்தச் சரக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜயசேகர முதலில் காலிதீனைச் சுவரோடு நிறுத்தி, தையல்காரரின் அளவு நாடாவால் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார். பிறகு ஆட்டம். கொழும்பார் மூவரும் உள்ளூர்ப் பையன்கள் இருவரும் ஒரு பக்கம். காலிதீனும் மாஸ்டரின் பையன்கள் நால்வரும் மறுபக்கம். முதல் பாதியைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பார்த்தான், கால் பின்னியது. கொழும்பார் அவனுடைய கைக்குக் கீழே புகுந்து புகுந்து போனார்கள். ஒருமுறை விழுந்தும் விட்டான்.

இடைவேளையில் ஜயசேகர குறிப்புக் கொப்பியை மூடினார். அவர் இங்கிலீசில் சொன்னதை நான் தமிழாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னிடம் ஏற்கெனவே ஆறடி நாலில் ஒருவர் இருக்கிறார். ஓர் அங்குலத்துக்காக ஒரு வேலையைக் கொடுக்க முடியாது. பதினெட்டு வயதுக்குப் பிறகு பந்தைத் தொட்டவர். நல்ல பையன், ஆனால் தாமதம்."

"சேர், அது மணலில ஓடின கால்" என்றார் மாஸ்டர். "சீமெந்துக்குப் பழக ஒரு ஆறு மாசம் வேணும்."

"ஆறு மாதச் சம்பளத்தை மணலுக்குக் கொடுக்க என் முதலாளி சம்மதிக்க மாட்டார்."

காலிதீன் வாங்கின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய வாப்பா எழும்பிச் சாரனை உதறிக் கட்டினார், இனிப் போகலாம் என்பதுபோல.

அப்போதுதான் மீராமுகைதீன் காக்கா குரலெடுத்தார்.

"பட்டதாரித் தம்பி, அந்த மனிசன் என்ன செல்றார்? ஒரு இஞ்சியா? என்ட கடையில வந்து கேக்கச் செல்லு. இவன்ட கையால பத்துப் பாகம் அளந்தா எனக்கு ரெண்டரைப் பாகம் சும்மா போகுது. ஒரு இஞ்சியாம். மூணு நாளையில என்னக் கவுத்துப்போட்டான்."

மதில் சிரித்தது. ஜயசேகர என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் என்ன சொல்கிறார்?"

கயிற்றில் ஏமாற்றுகிறவன் என்று இவர் நினைத்துவிட்டால், இருக்கிற கொஞ்சமும் போய்விடும். "அவர் ஒரு கயிற்று வியாபாரி, இவனைத் தெரியுமாம்" என்று மழுப்பினேன்.

"காக்கா இவ்வளவு சுருக்கமாச் செல்லல்லயே" என்றார் மாஸ்டர் என் காதோரம். "உள்ளதச் செல்லு."

உள்ளதைச் சொல்லத் தொடங்கினேன். கயிறு, கடை, வாங்குகிறவர் எல்லாம் வந்தன. பாகம் வரவில்லை. நாலு வருடம் பேராதனையில் படித்த எனக்கு, பிறந்த நாளிலிருந்து கேட்ட ஒரு சொல்லுக்கு இங்கிலீசு தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினேன். "இது. இதுதான் அளவு. இவனுடையது மற்றவர்களுடையதைவிடக் கூட."

ஜயசேகர என் கைகளைப் பார்த்தார். பிறகு காலிதீனைப் பார்த்தார். முழங்காலைச் சுற்றியிருந்த அந்தக் கைகளை அப்போதுதான் அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எழும்பச் சொல்லுங்கள். விரிக்கச் சொல்லுங்கள்."

காலிதீன் எழுந்து, கயிறு பிடிக்கிற அதே வாக்கில், நெஞ்சை முன்தள்ளிக் கைகளை விரித்தான். அளவு நாடா அறுபது அங்குலத்தில் முடிந்துபோனது. அந்த இடத்தில் பெருவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜயசேகர மறுபடி அளந்தார். இருபத்து மூன்று. நம்பாமல் மற்றக் கைப் பக்கமிருந்து இன்னொரு தரம் அளந்தார். அதே எண்பத்து மூன்று. ஆறடி பதினொரு அங்குலம்.

"நான் செல்லல்லயா" என்றார் காக்கா, பக்கத்திலிருந்தவரிடம். "நட்டப்பட்டவனுக்குத்தான் தெரியும்."

ஜயசேகர மாஸ்டரிடம் இரண்டே வசனம் சொன்னார். மாஸ்டர் காலிதீனிடம் சொன்னார். "இனி ஓடாத. பந்தத் தட்டாத. வளையத்துக்குக் கீழ நில்லு. அவனுகள் எறியக்கொள பாகம் அளக்கிற மாதிரிக் கைய விடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் செய்தான். முதலில் எறிந்தவர் தன் பந்து வளையத்துக்குப் போகுமுன்னமே திரும்பி ஓடத் தொடங்கிவிட்டார். பந்து காலிதீனின் உள்ளங்கையில் இருந்ததை மதிலின் சத்தம் கேட்டுத்தான் அறிந்தார். அடுத்தவர் இடப்பக்கமாக வந்தார், அங்கே ஒரு கை. வலப்பக்கமாக வந்தார், அங்கே மற்றது. கொழும்பார் மூவரில் ஒருவரான அந்த ஆறடி நாலுக்காரர் உண்மையில் நல்ல ஆட்டக்காரர். நாலு தரம் எறிந்து நாலும் திரும்பி வர, ஐந்தாம் தரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். கல்முனை மைதானத்தில் காலிதீன் முதல் தடவையாகக் குனியாமல் நின்றான். அன்று எங்கள் பக்கம்தான் தோற்றது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"அடுத்த மாதம் முதலாம் தேதி" என்றார் ஜயசேகர. இதைத் தமிழாக்க எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

சீனிமுகம்மது மாமா லொறியில் ஏறி உட்கார்ந்தார். அங்கே இருந்தவர்களிடம் சொன்னார். "இனி வலைக்கு ஆள் தேடணும். ஒருத்தன் காணா. ரெண்டு பேர் வேணும்." பாலமுனை வரும்வரைக்கும் ஏறினவர் இறங்கினவர் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இது நடந்து ஏழு வருடம். காலிதீன் இன்றும் அந்த அணியில் வளையத்தின் கீழ் நிற்கிறான். களஞ்சியத்தில் மேற்பார்வையாளனாகவும் ஆகிவிட்டான். ஓட இன்னும் சரியாக வராது. அவனை யாரும் ஓடச் சொல்வதுமில்லை.

முதல் லீவில் வந்தபோது அக்கரைப்பற்றுக்குப் போனோம். கயிற்றுக் கடை வாசலில் அவன் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டான்.

"உள்ளுக்கு வா மகன்" என்றார் மீராமுகைதீன் காக்கா. நல்ல தும்புக் கயிறொன்றின் நுனியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "அள. ஒண்டே ஒண்டு. ரெண்டாவதுக்குப் போன, கைய முறிப்பன்."

அவன் விரித்துப் பிடித்தான். காக்கா அந்த இடத்தில் வெட்டி, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டு, மேசைக்குப் பின்னால் ஆணியடித்துச் சுவர் நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்.

என் பட்டமளிப்புப் படமும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்ப்பார்கள், நல்லது என்பார்கள். காக்காவின் கடையில் அப்படியில்லை. திருக்கோவிலிலிருந்து வருகிற மீன்பிடிகாரர்கூட, கயிறு வாங்க வந்ததை மறந்து, சுவரோடு ஒட்டி நின்று கையை விரித்துப் பார்க்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அரை முழத்துக்குக் கிட்டக் குறைகிறது.

காக்கா கொஞ்சம் பொறுப்பார். பிறகு கயிற்றுக் கட்டை இழுத்துப் போட்டபடி சொல்வார்.

"அது காலிதீன்ட பாகம். இப்ப நீங்க உங்கட பாகத்தக் காட்டுங்க."