நாலு செகண்டு ஹெலன்

கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைப்பதற்கு முன் ஹெலன் ஒரு கணம் நின்றுவிடுவாள். வலது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, பாதி மடங்கி, பக்கவாட்டில் உள்ளே நுழைவாள். இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாளாவது கதவின் மேல்சட்டம் அவள் நெற்றியைக் கண்டுபிடித்துவிடும். இடித்ததும் "சாரி" என்பாள். சட்டத்திடம்தான்.

"கதவு பொழச்சிதா?" என்று உள்ளேயிருந்து சோனியா கேட்பாள். பேக்கிங்கில் பக்கத்து மேஜைக்காரி.

"அதுக்கு இன்னா, பழகிக்கிச்சு. எனக்குத்தான் பழகல."

ஹெலனுக்கு இருபத்தேழு வயது. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அகன்ற தோள், நீண்ட கை, கால்சராய்க்குள் திரண்டு தெரியும் தொடை. பார்க்கிற எவரும் இவள் ஏதோ விளையாட்டில் மாவட்டத்துக்காக ஆடியவள் என்றுதான் நினைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியரும் நினைத்தார். வாலிபால் வலைக்கு அருகே நிறுத்தினார். பந்து வந்தது, ஹெலன் இரண்டு கைகளையும் தூக்கினாள், பந்து கைகளுக்கு நடுவே புகுந்து மூக்கில் விழுந்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு குண்டு எறிதலுக்கு மாற்றினார். குண்டு அவருடைய சைக்கிள் நின்ற பக்கம் போனது.

"ஆண்டவரு இந்த ஒடம்ப யாருக்கோ செஞ்சாரு. அட்ரஸு மாறி எங்க ஊட்டுக்கு வந்துடுச்சு." இதை அவளே சொல்லி அவளே முதலில் சிரிப்பாள்.

தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு முன்விளக்கு செய்யும் தொழிற்சாலையில் அவள் ஐந்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே அவள் முழங்கை எட்டும் தூரத்தில் யாரும் டீ வைப்பதில்லை, கையில்தான் கொடுப்பார்கள். ஆனால் விளக்கை நுரைப்பஞ்சில் வைத்து அட்டைப்பெட்டிக்குள் இறக்கும்போது அந்தக் கைகள் வேறு கைகள். இதுவரை ஒரு கண்ணாடியும் கீறியதில்லை. கையைப் பார்த்துக்கொண்டே செய்தால் கை சொன்னதைக் கேட்கும் என்பது அவள் கணக்கு. மற்ற நேரத்தில் அது எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் சோனியாதான் தொலைக்காட்சிப் போட்டிக்கு விண்ணப்பம் போட்டாள். தோளுக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளை ஹெலன் தூக்கி நிற்கும் படம் ஒன்றை இணைத்தாள். ஒரே வாரத்தில் அழைப்பு வந்தது.

"கபடியா, பளு தூக்குறதா?" என்று கேட்டார்கள்.

"ரெண்டும் வராதுங்க."

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். திரையில் அவள் பெயருக்குக் கீழே 'கும்மிடிப்பூண்டி இரும்பு மனுஷி' என்று எழுதினார்கள். போட்டியாளர்கள் பத்துப் பேர். அதில் தடித்த கண்ணாடி போட்ட கல்பனா என்ற வங்கி எழுத்தர் இருந்தார். முதல் நாளே போய்விடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டது கல்பனாவைத்தான். ஹெலனும் உள்ளுக்குள் அப்படியே நினைத்தாள். அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தாள்.

முதல் விளையாட்டு, சேற்றுக் குட்டைக்கு மேல் ஓரடி அகலப் பலகை. கல்பனா பஸ்ஸில் இடம் பிடிக்கப் போகிறவர் போல விறுவிறுவென்று கடந்து, அக்கரையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அடுத்து ஹெலன். இரண்டு எட்டு வைத்தாள். இடது கை திடீரென்று பக்கத்தில் நீண்டு, வெறுங்காற்றை இறுக்கிப் பிடித்தது. கை போன பக்கம் உடம்பும் போனது.

நான்கு விநாடி. அதை ஆறு தடவை, தவில் சத்தம் சேர்த்துக் காட்டினார்கள். பிறகு அது ஊரில் எல்லோருடைய போனுக்கும் வந்தது. கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் பூ விற்கிற பெண் கூட, "நாலு செகண்டு, மல்லி வேணுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஹெலன் கோபப்படவில்லை. "டிவில வந்தவ நானு. நீ வந்தியா?" என்று திருப்பிக் கேட்பாள். பூவும் வாங்குவாள்.

பேஜாரு வேறு இடத்தில் வந்தது. கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் சின்னதுரை புதிய கிடங்குக்கு மாறப் போகிறார் என்று தெரிந்ததும், ஹெலன் வார விடுமுறை நாட்களில் கும்மிடிப்பூண்டிக்குப் போய் அந்த வண்டியைப் படித்தாள். மூன்று மாதம். உரிமமும் வாங்கிவிட்டாள். ஓட்டுநர் ஆனால் நிரந்தரம். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த மாதம் வரலாமா என்று கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அவள் அதை விடவும் வேறொன்றுக்காக ஆசைப்பட்டாள். அந்த வண்டியில் உட்கார்ந்தால் அவள் எதையும் இடிப்பதில்லை.

"எப்டிடி?" என்று சோனியா கேட்டாள்.

"அதுக்கு இன்னா அகலம், இன்னா ஒயரம்னு தகட்டுல அடிச்சிக் குடுத்துக்கீறாங்கோ. எனக்கு எவன் அடிச்சிக் குடுத்தான்?"

கிடங்கில் ஓட்டிக் காட்டும் சோதனைக்கு அனுமதி தர வேண்டியவர் பாதுகாப்பு அதிகாரி சந்திரமோகன். இரண்டு முறை மனுவைத் திருப்பிக் கொடுத்தார். கெட்டவர் அல்ல. இரண்டாவது முறை உட்காரச் சொல்லி, தணிந்த குரலில்தான் பேசினார்.

"நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, என்னைத்தாம்மா கேப்பாங்க. பலகை மேல நடக்கத் தெரியாத பொண்ணு கையில வண்டியக் குடுத்தியான்னு. ஊருக்கே தெரியுமே நீ விழுந்தது."

"அது காலு சார். இது சக்கரம்."

"மூளை ஒண்ணுதானே?"

ஹெலன் எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, மனுவை அவளிடம் நீட்டினார்.

திங்கட்கிழமைகளில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு வகுப்பு. பதினைந்து நிமிடம். ஏதாவது ஒரு விபத்தைத் திரையில் போட்டு, என்ன தவறு என்று சந்திரமோகன் கேட்பார். அடுத்த திங்கட்கிழமை திரையில் பலகை வந்தது, சேறு வந்தது, ஹெலன் வந்தாள். முன்கூட்டி அவளிடம் கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் பக்கம் பார்க்காமலே பேசினார்.

"இதுல என்ன தப்பு? சொல்லுங்க."

"ஆளே தப்பு சார்," என்றது பின்வரிசை.

"ஏம்மா, காத்துல இன்னாத்த புடிச்சிக்கினு போன? கொசுவா?" என்றார் சின்னதுரை. கூடம் சிரித்தது. சோனியா கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெலன் எழுந்து முன்னால் போனாள். வழியில் ஒரு கேபிளைத் தாண்டினாள், அடுத்ததில் தடுக்கினாள். திரை முழுவதும் அவள் நிழல் விழுந்தது. ஒதுங்கி நின்று, படத்தில் நீண்டிருந்த தன் இடது கையின் மேல் விரல் வைத்தாள்.

"காலப் பாக்காதீங்க சார், கையப் பாருங்க. காலு இன்னும் நல்லாத்தான் கீது. கை முன்னாடியே போயிடுச்சு. எங்க போவுது?"

பின்வரிசையில் கழுத்துகள் நீண்டன.

"கைப்பிடிக்கு. ஒயரத்துல ஏறுனா மொதல்ல எடது கையால கைப்பிடியப் புடின்னு அஞ்சு வருசமா சொல்லிக்கினே கீறீங்க. புடிக்கலன்னா மெமோ. மாடிப்படில போன் பேசிக்கினு ஏறுனாலும் இந்தக் கை தானா போயிடும். அங்கயும் போச்சு. அங்க கைப்பிடி இல்ல சார்."

சந்திரமோகன் படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். இரண்டு எட்டு. கை. மறுபடி ஓட்டினார். கையின் உயரத்தைப் பார்த்தார். தொழிற்சாலையின் எல்லாப் படிகளிலும் மஞ்சள் குழாய் இருக்கும் அதே உயரம். முன்வரிசையில் ஒருவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். யாரோ சிரிக்கத் தொடங்கி, கூட்டம் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"ஏன் இத்தன நாளா சொல்லல?" என்று கேட்டார் சந்திரமோகன்.

"யாரு சார் கேட்டாங்கோ? எல்லாரும் பாத்தாங்கோ."

வகுப்பு முடிந்ததும் அவர் வாசலில் காத்திருந்தார். "லைசென்ஸ் ஒரிஜினல் கையில இருக்கா? வியாழக்கிழமை கொண்டா."

வியாழக்கிழமை கிடங்கில் ஆள் கூடிவிட்டது. ஹெலன் வண்டியில் ஏறவில்லை. முதலில் பாதை முழுவதையும் நடந்தாள். இரண்டு பக்கமும் கையை நீட்டி, ரேக்குகளுக்கு நடுவே இடைவெளி பார்த்தாள். மூன்றாவது திருப்பத்தில் முழங்கை ஒரு தூணில் பட்டு 'டங்' என்றது.

"நடக்கறப்பவே இப்டின்னா..." என்றார் சின்னதுரை.

"இடிச்சிட்டேன்ல நைனா? இனிமே அந்தத் தூணு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு ஏறினாள். அது சின்னதுரையின் வண்டி. ஐந்தடி மனிதருக்கு முன்னால் இழுத்து வைத்த இருக்கை. அடுத்தவர் வண்டி என்பதால் அவள் இருக்கையை நகர்த்தவில்லை. முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் எழும்பி நிற்க, நாற்பத்தெட்டு விளக்குகள் அடுக்கிய பலகையை வண்டியின் இரும்புக் கரண்டியில் ஏந்தி எடுத்தாள். பின்னால் போகும்போது முழுவதும் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது திருப்பத்தில் வேகம் குறைத்தாள். இரண்டாவது தட்டுக்கு உயர்த்தினாள். பலகை உள்ளே போன சத்தம் கூடக் கேட்கவில்லை. கரண்டி வெளியே வந்தபோதுதான் வைத்தாகிவிட்டது என்று தெரிந்தது.

சந்திரமோகன் டார்ச்சோடு போய் ஒவ்வொரு தூணாகக் குனிந்து பார்த்தார். பெயின்ட் எங்கும் உரியவில்லை. திரும்பி வந்து, அனுமதித் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

சின்னதுரை தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். "சாவி அதுலயே கீது. சார்ஜ் கொறைஞ்சா ஒடனே போடு, அப்புறம் படுத்துக்கும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஹெலன் இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். நெம்புகோல் துருவேறி இறுகியிருந்தது. பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்து, குதிகாலை ஊன்றி, இருக்கையைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளினாள்.